ஒரு நேரத்தில் ஒன்று

கம்பவுண்டரம்மா வீட்டில் நான் செய்த முதல் வேலை, சரிசெய்த டிவியைத் திரும்பக் கெடுத்துவைத்தது.

அறந்தாங்கியில் எனக்குக் கேபிள் தொழில். இப்போது பிராட்பேண்டும் சேர்ந்துகொண்டது. அன்றைக்கு அவர் வீட்டில் படம் கோடு கோடாக வருகிறது என்று போன் வந்தது. போனேன். செட்டாப் பாக்ஸை அணைத்துப் போட்டேன். ஒயர் முனையிலிருந்த கனெக்டரைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்று மாட்டினேன். சுவரோரம் தொங்கிய, ஒயரை இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டரை மாற்றினேன். கடைசியாக டிவியின் தலையில் ஒரு தட்டு. படம் பளிச்சென்று வந்துவிட்டது. மொத்தம் ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன்.

"என்ன கோளாறு தம்பி?" என்று கேட்டார்.

"எப்படியோ சரியாயிடுச்சும்மா."

அவர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"எப்படியோன்னா?"

"அதான் படம் வருதுல்ல."

"வருது. எதுனால வருதுன்னு தெரியலயே. நாலு வேல பாத்தீங்க. நாளைக்கு மறுபடி போச்சுன்னா நாலையும் மறுபடி செய்வீங்க. பழைய ஸ்பிளிட்டர மாட்டுங்க. படம் கெட்டா அதான் கோளாறு. கெடலன்னா அடுத்ததப் பாப்போம்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பழைய ஸ்பிளிட்டரை மாட்டினேன். படம் நன்றாகவே இருந்தது. குப்பைக் கூடையைக் கிளறிப் பழைய கனெக்டரை எடுத்து மாட்டினேன். கோடு கோடாக வந்தது. அவர் முகத்தில் அப்போதுதான் ஒரு திருப்தி. "கனெக்டர்" என்று சொல்லிவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். "இப்ப புதுச மாட்டிட்டுப் போங்க." அதற்குள் வேறு இரண்டு வீட்டுக்காரர்கள் போனில் என்னைத் திட்டி முடித்திருந்தார்கள்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்தவர் அவர். பதவியின் பெயர் என்னவோ பெரிதாக இருந்தது. ஊருக்குக் கம்பவுண்டரம்மா. ஓய்வு பெற்று ஐந்தாறு வருஷமாகியும் தெருவில் யாராவது மாத்திரை அட்டையை நீட்டினால் நின்று படித்துச் சொல்லிவிட்டுத்தான் நகர்வார். ஒரே ஒரு நிபந்தனை. டாக்டர் இரண்டு மருந்தைப் புதிதாக எழுதியிருந்தால், "ரெண்டையும் ஒரே நாள்ல ஆரம்பிக்கலாமான்னு டாக்டர்ட்டயே ஒரு வார்த்த கேட்டுக்கங்க" என்பார். தடிப்பு வந்தால் எந்த மாத்திரையால் வந்தது என்று எப்படித் தெரியும்? அவருடைய கவலை எப்போதும் அது ஒன்றுதான்.

கோட்டைப்பட்டினத்தில் வேலை பார்த்த காலத்தில் ஒரு விசைப்படகுக்காரர் காய்ச்சல் மருந்து வாங்க வந்திருக்கிறார். வந்தவர், மூன்று நாளாக ஓடாத இன்ஜின் அன்று காலையில்தான் ஓடியது என்று சந்தோஷமாகச் சொன்னாராம். இவர் விடவில்லை.

"என்ன பாய் செஞ்சீங்க?"

"டீசல மாத்துனேன். பில்டர மாத்துனேன். தர்காவுக்கு நேந்துக்கிட்டேன்."

"மூணும் ஒரே நாள்லயா?"

"ஆமாங்க."

"அடுத்த தடவ மொதல்ல நேந்துக்கங்க பாய். ஒரு நாள் பொறுத்துப் பாருங்க. ஓடலன்னா அப்பறம் பில்டர மாத்துங்க."

அந்தப் படகுக்காரர் கடைசிவரை இவரைப் பெரிய பக்திமான் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். இதைச் சொல்லும்போதும் கம்பவுண்டரம்மா சிரிக்கவில்லை. எனக்குத்தான் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

வீட்டிலும் இதே சட்டம்தான். ரசத்தில் ஒரு வாரம் புளியை மட்டும் குறைப்பார். மறுவாரம் புளியைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்துவிட்டு மிளகைக் கூட்டுவார். அவருடைய வீட்டுக்காரர் பதினெட்டு வருஷம் குவைத்தில் இருந்துவிட்டு வந்தவர். பாதி ஆயுள் பாலைவனத்தில் போயிற்று, மீதி பரிசோதனையில் போகிறது என்று என்னிடம் ஒரு முறை சொன்னார். மனிதர் நல்ல பசிக்காரர். எந்த வாரம் எந்த ரசம் வந்தாலும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடிப்பார். அதனால் அவரை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை என்பது அம்மாவின் குறை.

எனக்கு இந்தக் குணத்தைக் கண்டால் ஆகாது. நான் அவசரக்காரன். கோளாறு என்று வந்தால் இருக்கிற எல்லாவற்றையும் பிடுங்கி மறுபடி செருகுகிற ஆள். பத்துக்கு எட்டு தடவை அது வேலைசெய்யும். மீதி இரண்டுக்கு ரௌட்டரையே மாற்றிவிடுவேன். இத்தனை வருஷம் அவரோடு பழகியும் நான் திருந்தவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததற்கும் அதுதான் காரணம்.

ஊரையே புரட்டிப்போட்ட அந்தப் புயலுக்கு நான்காவது வருஷம், சரஸ்வதி பூஜைக்கு முந்தின வாரம் கூப்பிட்டார். "தம்பி, இங்கிட்டு ஒரு தடவ வந்துட்டுப் போங்க. கம்ப்யூட்டருக்கு நெட்டு வேணும்."

போய்ப் பார்த்தால், மேஜைமேல் கம்ப்யூட்டரைக் காணோம். தடிமனான ஒரு கீபோர்டுதான் இருந்தது. அதுதான் கம்ப்யூட்டர் என்றார். வீட்டுக்காரர் தொண்ணூறுகளில் குவைத்திலிருந்து பையனுக்காகக் கொண்டுவந்ததாம். கீபோர்டுக்குள்ளேயே மொத்த இயந்திரமும் இருக்கும். பழைய டிவியில் சொருகிக்கொள்ள வேண்டும். ஆன் செய்தார். ஊரில் பாதிப் பேர் கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்திராத காலத்து இயந்திரம், ஒரு முனகலோடு எழுந்து நின்றது.

"இதுக்கு நெட்டாம்மா?" என்றேன்.

அவர் ஒரு சின்னக் கவரிலிருந்து தகடு போன்ற ஒரு கார்டை எடுத்தார். பழைய லேப்டாப்புகளில் வைஃபைக்காகச் செருகுவார்களே, அது. திருச்சியில் பழைய சாமான் விற்கும் கடையில் பிடித்தாராம். இயந்திரத்தின் இடப்பக்கம் அதற்கென்று ஒரு வாய் இருந்தது. செருகினால் கறுப்பாக ஒரு விரற்கடை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். இதே இயந்திரத்தைச் சேர்த்துவைக்கிற ஜெர்மனிக்காரர் ஒருவரை போன் நெட்டிலேயே எங்கோ தேடிப் பிடித்து, கார்டை ஓட்டுவதற்கான புரோகிராமை இரண்டு பிளாப்பியில் தபாலில் வரவழைத்திருந்தார். அந்த ஜெர்மனிக்காரர் எழுதிய கடிதத்தில் ஒரு வரியின் கீழ் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தது. கார்டு ரௌட்டரைப் பிடித்துவிட்டால் அதன் முனையில் பச்சை விளக்கு எரியும். அது எரியும்வரை வேறு எதையும் பார்க்க வேண்டாம்.

"உள்ள இருக்கிற ஒரு பைல வெளிய எடுக்கணும் தம்பி. அவ்வளவுதான்."

"பிளாப்பில எடுக்கலாமேம்மா."

"டிரைவ் படிக்குது. எழுத மாட்டேங்குது."

"ஹார்ட் டிஸ்க்க கழட்டிருவோம்."

"கழட்டுனா திரும்பச் சுத்தாதுன்னு மதுரைல ஒருத்தர் சொல்லிட்டார். அந்த ஒரு விஷப்பரீட்ச வேணாம்."

ஆக, மிச்சமிருந்த ஒரே வாசல் அந்தக் கார்டு. நல்ல வேலையை விஜயதசமியன்று தொடங்கலாம் என்றார். அதற்குள் சரஸ்வதி பூஜை வந்துவிட்டது. கார்டைச் செருகிய நிலையிலேயே இயந்திரத்தைப் பூஜையில் வைத்தார். மறுநாள் நான் போனபோது அது சந்தனமும் குங்குமமுமாக மாப்பிள்ளை போல் உட்கார்ந்திருந்தது.

நீள நோட்டில் புதுப் பக்கம் திறந்தார். தேதி, மாற்றியது, முடிவு என்று மூன்று பத்தி. முதல் நாள், கூடத்தில் வைஃபைக்காக நான் ஏற்கெனவே மாட்டியிருந்த ரௌட்டரை மேஜைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தோம். விளக்கு எரியவில்லை. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை பார்க்காமல் முடிவு எழுதமாட்டார். "எரியவில்லை" என்று எழுதிவிட்டு ரௌட்டரைப் பழைய இடத்திலேயே கொண்டுபோய் வைக்கச் சொன்னார். ஒன்று பலிக்கவில்லையென்றால் அதைப் பழையபடி ஆக்கிவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவார். அதுவும் சட்டம்.

இரண்டாம் நாள், பாஸ்வேர்டை எட்டே எழுத்தாகச் சுருக்கினோம். எரியவில்லை. திரும்ப நீட்டினோம். மூன்றாம் நாள், ரௌட்டரின் அலைவரிசையை மாற்றினோம். நான்காம் நாள், ரௌட்டரின் பெயரில் இருந்த இடைவெளியை எடுத்தோம். ஐந்தாம் நாள் மழை. கரண்ட் இல்லை. "மாற்றம் இல்லை. கரண்ட் இல்லை" என்று அதையும் எழுதினார். நான் தினமும் வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் அங்கே இறங்கி, ரௌட்டரில் ஒன்றே ஒன்றை மாற்றி, காப்பி குடித்துவிட்டுப் போனேன். என் மனைவி, ஒரு கீபோர்டுக்கு இவ்வளவு பணிவிடையா என்று கேட்டாள்.

ஏழாம் நாள், பூட்டை மாற்றினோம். புது ரௌட்டர்கள் பாஸ்வேர்டுக்குப் புதுவகைப் பூட்டுப் போடும். அந்தக் காலத்துக் கார்டுக்குப் பழைய பூட்டைத்தான் திறக்கத் தெரியும். இது நிச்சயம் பலிக்கும் என்று சொல்லிவைத்தேன். இருவரும் குனிந்து கார்டின் முனையைப் பார்த்தோம். எரியவில்லை. "எரியவில்லை" என்று எழுதிவிட்டு, புதுப் பூட்டையே போடச் சொன்னார்.

பதினொன்றாம் நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. "அப்படி என்னதாம்மா இருக்கு இதுக்குள்ள?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

"ஒரு கேம்," என்றார்.

பையன் பதின்மூன்று வயதில் தானே எழுதிய கேமாம். மேலேயிருந்து மாத்திரைகள் விழும். கீழே வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பொம்மை நின்று பாட்டிலில் பிடிக்க வேண்டும். இரண்டு மாத்திரையை ஒரே நேரத்தில் பிடித்தால் ஆட்டம் முடிந்தது. பொம்மைக்குக் கண்ணாடிகூட இருக்கும் என்றார். அந்தப் பையனுக்கு இப்போது நாற்பது வயதாகிறது. கனடாவில் இருக்கிறான். நான்கு வருஷமாக அம்மாவோடு பேச்சு இல்லை.

பேச்சு நின்ற நாள் எனக்குத் தெரியும். அப்போது நான் பக்கத்திலேயே நின்றேன்.

புயல் அடித்து மூன்றாம் நாள் அவருடைய வீட்டுக்காரர் போனார். நெஞ்சுவலி. தென்னையும் கம்பமும் ரோடெல்லாம் படுத்துக்கிடந்தன. என் ஒயர் ஒரு முழம்கூட மிச்சமில்லை. கரண்ட் இல்லாததால் ஐஸ் பெட்டிக்கு வழியில்லை. செல்போன் டவர்கள் செத்துக்கிடந்தன. ஜெனரேட்டர் போட்டிருந்த ஒரே ஒரு டவருக்குக் கீழே ஊரே போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது. நான்தான் கம்பவுண்டரம்மாவை பைக்கில் வைத்து, மரங்களைச் சுற்றிச் சுற்றி அங்கே கூட்டிப்போனேன். அரை மணி நேரம் முயற்சி செய்து லைன் கிடைத்தது. எப்போது வேண்டுமானாலும் அறுந்துவிடும் என்று எல்லாரும் கத்திக் கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவரும் கத்தினார். "அப்பா போயிட்டாருப்பா. ஒனக்காக வச்சிருக்க முடியாது. இன்னிக்கே எடுக்குறோம்." அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. லைன் அறுந்துவிட்டது. கொழுந்தன் மகன் கொள்ளி வைத்தான்.

பையன் ஐந்தாம் நாள் வந்து சேர்ந்தான். காரியம்வரை இருந்தான். பத்து வார்த்தை பேசியிருக்கமாட்டான். போனவன் போனவன்தான்.

"ரெண்டு விஷயத்த ஒரே போன்ல சொல்லிட்டேன் தம்பி," என்றார் கம்பவுண்டரம்மா, அந்தப் பதினொன்றாம் நாள் சாயங்காலம். குரல் மருந்து அளவு சொல்வதுபோலத்தான் இருந்தது. "அவன் எதுக்கு அழுதான்னு எனக்கு இன்னிவரைக்கும் தெரியல. அப்பா போனதுக்கா, நான் காத்திருக்காததுக்கா? அப்பாவுக்குன்னா அது தானா ஆறும். எனக்குன்னா நான்தான் ஏதாச்சும் செய்யணும். எதுன்னு தெரிஞ்சாத்தானே செய்ய?"

அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. ஏதோ வேலை செய்கிறவன்போல் கார்டைப் பிடித்து வெடுக்கென்று உருவினேன். கட்டைவிரல் பட்ட இடத்தில் காய்ந்த சந்தனம் பொருக்காகப் பெயர்ந்து விழுந்தது. அதன் கீழே, கடுகளவுக்கு ஒரு கண்ணாடித் துளி.

நான் அதைப் பார்த்தேன். அவரிடம் நீட்டினேன். அவரும் பார்த்தார்.

சரஸ்வதி பூஜையன்று அவர் வைத்த பொட்டு. கார்டின் முனையில் பொட்டு வைக்கத் தோதாக வட்டமாக ஓர் இடம் இருந்தது. ஆஸ்பத்திரியில் தராசுக்கும் மாத்திரை எண்ணும் தட்டுக்கும் வைத்துப் பழகிய கை, கச்சிதமாக அங்கேயே வைத்துவிட்டது. விளக்கு எரிகிறதா என்று பதினொரு நாள் இரண்டு பேர் குனிந்து குனிந்து பார்த்தது சந்தனத்தை.

இதில் என் முட்டாள்தனமும் உண்டு. கார்டு பிடித்ததா இல்லையா என்று ரௌட்டருக்குள் ஒரு பட்டியல் காட்டும். நெட் தொழில் செய்கிறவன் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். நான் பார்க்கவேயில்லை. விளக்கு எரியாதபோது பட்டியலில் என்ன இருக்கப் போகிறது என்று இருந்துவிட்டேன்.

கம்பவுண்டரம்மா நோட்டை எடுத்து, ஒன்று என்று நம்பர் போட்டிருந்த வரிக்கு மேலே இருந்த இடுக்கில் ஒரு பூஜ்யம் போட்டு, "சரஸ்வதி பூஜை" என்று எழுதினார்.

"பூஜைய ஒரு மாத்தம்னே நான் நெனைக்கல தம்பி. என் தப்பு."

"சரி விடுங்கம்மா. இப்ப எல்லாத்தையும் ஒண்ணா மாத்திருவோம். ஏதாவது ஒண்ணு பிடிச்சிரும்."

"வேணாம். ஒண்ணுலேந்து வருவோம்."

வந்தோம். மறுபடி ஏழாம் நாள், பழைய பூட்டுப் போட்டதும், பச்சையாக எரிந்தது. முதல் சுற்றிலும் அது அன்றைக்கு எரிந்துதான் இருக்க வேண்டும், பொட்டுக்குப் பின்னால். நாங்கள்தான் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அணைத்துவைத்தோம். இதைச் சொல்லி நான் தலையில் அடித்துக்கொண்டபோது அவர் "எரிந்தது" என்று எழுதி, தேதியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

கேம் என் லேப்டாப்புக்கு வந்துசேர நான்கு நிமிடம் ஆயிற்று. இன்றைக்குப் போனில் எடுக்கும் ஒரு போட்டோவின் அளவுகூட இல்லை. அந்தப் பழைய இயந்திரம்போல நடிக்கிற சாப்ட்வேர் இப்போது உண்டு, அவன் கனடாவில் அதில் போட்டு ஆடிக்கொள்வான் என்றார். என் லேப்டாப்பிலேயே அவருடைய மெயிலைத் திறந்து, பையனின் விலாசத்தை ஒற்றை விரலால் அடித்து, பைலைச் சேர்த்தார். தலைப்பு இல்லை. உள்ளே ஒரு எழுத்து இல்லை.

"ரெண்டு வரி எழுதுங்கம்மா. எப்படி இருக்கப்பான்னாவது கேளுங்க."

"கடுதாசியும் கேமும் சேந்து போய், அவன் பதில் போட்டா, எதுக்குப் போட்டான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"பதில் போட்டாப் போதாதாம்மா?"

அவர் என்னை அந்த ஸ்பிளிட்டர் நாளில் பார்த்தது மாதிரி பார்த்தார். "மொதல்ல கேம். ஒரு மாசம் பாப்போம். ஒண்ணும் வரலன்னா கடுதாசி." அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டுக் காப்பி போட எழுந்தார். எழும்போது மேஜையைப் பிடித்துக்கொண்டார். உள்ளே போகும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு போனார். இந்த ஒரு வருஷமாகவே அப்படித்தான்.

ஒரு மாசமாம். அப்புறம் கடுதாசிக்கு ஒரு மாசமாம். எனக்குக் கோபம் வந்தது. இந்த அம்மாவின் சட்டத்துக்கு ஒரு ஆயுள் போதாது என்று தோன்றியது. லேப்டாப் என் மடியில் இருந்தது. பையனின் விலாசம் கண்ணெதிரே இருந்தது. சமையலறையில் பால் பொங்கி இறங்குவதற்குள் என் சொந்த மெயிலிலிருந்து அவனுக்கு எழுதினேன்: "நான் உங்கள் அம்மா வீட்டுக்குக் கேபிள் கொடுப்பவன். அம்மாவுக்கு உடம்பு முன்புபோல் இல்லை. சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறார்கள். முடிந்தால் ஒருமுறை வந்து பாருங்கள்." பாதி நிஜம், பாதி மிரட்டல். அனுப்பிவிட்டுக் காப்பியை வாங்கிக் குடித்தேன். நாக்கு வெந்தது.

மூன்று வாரம் பதில் இல்லை, இருவருக்குமே. நான்காம் வாரம் ஒரு நாள் அந்தத் தெருவில் ஒயர் இழுக்கப் போனேன். கம்பவுண்டரம்மா வீட்டு வாசலில் இரண்டு பெரிய பெட்டிகள். உள்ளே அந்தக் கீபோர்டுக்கு முன்னால், முன்மண்டை வழுக்கை விழுந்த ஓர் ஆள் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தான். டிவியில் மாத்திரைகள் விழுந்துகொண்டிருந்தன. அம்மா அவனுக்குப் பின்னால் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றார். சிவப்பும் மஞ்சளுமாக இரண்டு மாத்திரை சேர்ந்து விழுந்தது, ஆட்டம் முடிந்தது. "இந்த எடத்துல எப்பவும் போயிருவான்," என்று அம்மா என்னிடம் சொன்னார். அவன் திரும்பிப் பார்த்தான்.

"நீங்கதான் கேபிளா?"

"ஆமாங்க."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். நான் ஒயர்ச் சுருளைத் தோள் மாற்றிக்கொண்டேன். "நெட்டு நல்லா வருதுண்ணே," என்று சொல்லிவிட்டு மறுபடி ஆடத் தொடங்கினான்.

பன்னிரண்டு நாள் இருந்தான். அதற்கப்புறம் வாரம் தவறாமல் போன் வந்தது. அவன் ஊரிலிருந்த மூன்றாம் நாள், கம்பவுண்டரம்மா வாசலில் என்னை நிறுத்தினார்.

"ஒண்ணே ஒண்ணுதான் அனுப்புனோம். வந்துட்டான் பாத்தீங்களா?"

"ஆமாம்மா."

"நீங்க வேற எதையும் தொடல இல்ல?"

"இல்லம்மா."

"ம்," என்றார். அவ்வளவுதான். நான் பைக்கை உதைத்துக்கொண்டு போய்விட்டேன். ஆனால் அது என்னைவிட்டுப் போகவில்லை. அவர் வாழ்நாளெல்லாம் காப்பாற்றிய ஒரே சட்டத்தை, அவருக்கு வேண்டிய ஒரே விஷயத்தில் நான் உடைத்துவிட்டேன். அவன் கேமுக்காக வந்தானா, என் மிரட்டலுக்காக வந்தானா? கேமுக்காக என்றால் அவன் அம்மாவை மன்னித்துவிட்டான். மிரட்டலுக்காக என்றால் கடமைக்கு வந்திருக்கிறான். தெருவில் யார் கேட்டாலும் அவர் "கேம் அனுப்புனேன், வந்துட்டான்" என்று சொல்லும்போதெல்லாம் நான் கம்பத்தின் மேல் ஏதோ பார்ப்பதுபோல் அண்ணாந்துகொள்வேன். பையனிடம் கேட்டிருக்கலாம். கேட்கப் பயமாக இருந்தது.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து அவர் போனார். இந்தத் தடவை கரண்ட் இருந்தது, ஐஸ் பெட்டி இருந்தது. பையன் வரும்வரை ஒன்றரை நாள் வைத்திருந்தோம். அவன்தான் கொள்ளி வைத்தான். காரியம் முடிந்து ஊருக்குக் கிளம்புகிற அன்று கூப்பிட்டான். கீபோர்டைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தான்.

"இது ஒங்களுக்குண்ணே. அம்மா சொல்லிவச்சிருந்தாங்க," என்று அந்த நீள நோட்டைக் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்து புரட்டினேன். கனெக்டர் இருந்தது. புளி இருந்தது, மிளகு இருந்தது. பூஜ்யம், சரஸ்வதி பூஜை இருந்தது. "கேம் அனுப்பியது" என்று ஒரு வரி, அதற்கு நேரே முடிவுப் பத்தி காலியாக விடப்பட்டு, பிறகு வேறு மையில் நிரப்பப்பட்டிருந்தது. தேதியைப் பார்த்தேன். அவன் வந்து இறங்கிய அன்றைக்கே எழுதியிருக்கிறார். வாசலில் நிறுத்தி என்னைக் கேட்டபோதே அவருக்கு எல்லாம் தெரியும்; வந்ததும் அவனே என் மெயிலைப் பற்றிச் சொல்லியிருப்பான்.

"மகன் வந்தான். மாற்றியது இரண்டு. ஒன்று நான், ஒன்று கேபிள் தம்பி. எது என்று அவனைக் கேட்கவில்லை. எப்படியோ சரியாகிவிட்டது."

என் வார்த்தை அது. அதைச் சொன்னதற்காகத்தான் அன்றைக்கு என்னை டிவியைத் திரும்பக் கெடுக்கவைத்தார். அவருடைய குண்டு குண்டான கையெழுத்தில் அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது; மனைவி என்னவோ ஏதோவென்று ஓடிவந்தாள். அவளிடம் நோட்டைக் காட்டினேன். அவள் அதற்கு அடுத்த வரியையும் படித்தாள்.

"மறுநாள். காப்பியில் சர்க்கரை அரை ஸ்பூன் குறைத்தது. வேறு மாற்றம் இல்லை."